எஞ்சின் குடியிருந்த மழைக்காலம்

எனக்குக் கல்யாணமான வருஷம் ஐப்பசியில், நானும் என் வீட்டுக்காரரும் படுத்துக்கொண்டிருந்த அறையில் ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார்கள். வைக்கச் சொன்னவர் என் மாமியார். அன்று காலை வரைக்கும் அந்த எஞ்சினை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் எங்கள் குப்பம். எல்லாரிடமும் கட்டுமரமும் பாய்மரத் தோணியும் இருந்தன. எஞ்சின் வைத்த படகு ஊருக்கே ஒன்றுதான். என் வீட்டுக்காரரும் அவருடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் சேர்ந்து சர்க்கார் உதவியில் வாங்கியது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். ஓடும்போது கடல் தண்ணீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொண்டு, பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே துப்பும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் மழையும் புயலும்தான். கடலுக்குப் போக முடியாது. படகை ஏரிக்கரையில் இழுத்து ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் வருவதற்கு முந்தைய வருஷம் எஞ்சினைப் படகிலேயே விட்டு, மேலே பனையோலைப் பாயைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தை மாதம் பாயைப் பிரித்தால் எஞ்சின் அசையவில்லை. உள்ளே தங்கிப்போன உப்புத் தண்ணீர் அரித்துவிட்டது. ஊரெல்லாம் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் எஞ்சினைத் தோணியிலும் லாரியிலும் ஏற்றி ராயபுரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கேயே பழி கிடந்தார்களாம்.

மாமியாருக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. "கட்டுமரத்துக்கு இன்னா நோவு வந்துது? நனைஞ்சா காயும், காஞ்சா நனையும். இது ஒண்ணுதான் ஊட்டு மாப்ள கணக்கா பேஜார் பண்ணுது" என்பார்.

இந்த வருஷமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கவலையில் இருந்தார். படகு கொடுத்தபோது வந்த மெக்கானிக், மழைக்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவி நனையாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் சொன்னது எதுவும் மூன்று பேருக்கும் நினைவில்லை.

"எங்க அண்ணன வரச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

என் அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் அப்பா வள்ளூர் பக்கத்து உப்பங்கழியில் இறால் பிடித்தவர். அண்ணன் மட்டும் வலையை விட்டுவிட்டு ஐ.டி.ஐ. படித்து, ரயிலேறி வேலைக்குப் போகிற ஆளானார்.

"மச்சான் படகு எஞ்சினு பாத்துகீறாரா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாத்ததில்ல. கரண்டு போனா ஓட்டுற ஜெனரேட்டர அவருதான் பாத்துக்குறாரு. அதுவும் டீசலுதானே மாமா?"

கும்மிடிப்பூண்டிக்கு மீன் கொண்டுபோகிற அக்காவிடம் சொல்லியனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்துவிட்டார். ஒரு கையில் ஸ்பானர்கள் போட்ட பை. உடம்பில் புத்தம் புதிய டெரிலின் சட்டை, பாலேடு நிறம். தங்கச்சி புகுந்த வீட்டுக்கு முதல் தடவையாகக் கம்பெனி ஆளாக வருகிறோம் என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மொதல்ல நாஷ்டா துண்ணு தம்பி. அந்தச் சனியன் எங்கயும் போயிடாது" என்று மாமியார் இட்லியும் மீன் குழம்பும் வைத்தார்.

அண்ணன் சாப்பிட்டு முடிப்பதற்குள் என் வீட்டுக்காரரும் பங்காளிகளும் படகிலிருந்து எஞ்சினைக் கழற்றி, கம்புகளில் கட்டித் தோளில் சுமந்து, மணலில் கால் புதையப் புதையக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் வாசலில் இரண்டு பனந்துண்டுகளைப் போட்டு அதன்மேல் உட்காரவைத்து இறுக்கிக் கட்டினார்கள். கட்டாமல் ஓட்டினால் குதித்துக் குதித்துத் தெருவுக்குப் போய்விடும் என்றார் அண்ணன்.

பிறகு அவர் ஒரு பீப்பாயைக் காட்டி, "இது நெறையுற அளவுக்கு நல்ல தண்ணி வேணும் அத்தை. குழாய இதுல வுட்டு எஞ்சின ஓட்டணும். பத்தலைன்னா இன்னொரு பீப்பா" என்றார்.

மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். எங்கள் குப்பத்தில் நல்ல தண்ணீர் என்பது மணல்மேட்டில் தோண்டிய ஊற்றுக்குழியில் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு எடுப்பது. ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

"மன்சன் குளிக்கவே தண்ணி இல்ல. இதுக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டணுமா?"

"எண்ணெ அப்புறம் தேய்க்கறோம் அத்தை. மொதல்ல குளியலு" என்றார் அண்ணன், கொஞ்சமும் சிரிக்காமல். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்தார்.

நான் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். எஞ்சின் குளிக்கப் போகிறது என்ற செய்தி தெருவில் பரவி, நான் கேட்காத பெண்களும் குடத்தோடு வந்தார்கள். புதுப்பெண் என்று என்னை எட்ட நின்று பார்த்தவர்கள் எல்லாம் அன்றைக்கு ஊற்றுக்குழியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொண்டார்கள். யார் எந்த வீடு, யாருக்கு யார் என்ன உறவு என்று அந்தக் குழியில்தான் கற்றுக்கொண்டேன்.

பீப்பாய் நிறைந்தது. என் வீட்டுக்காரர் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. தண்ணீரின்மேல் கேட்டுப் பழகிய சத்தம் தரையில் கேட்டபோது இடி மாதிரி இருந்தது. கோழிகள் கூரைமேல் ஏறின. நாய்கள் ஏரிப்பக்கம் ஓடின. பக்கக் குழாயிலிருந்து துரு கலந்த தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"உப்பு போற வரைக்கும் ஓட்டணும்" என்று அண்ணன் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"போச்சுன்னு எப்பிடித் தெரியும்?" என்று மாமியாரும் கத்தினார்.

அண்ணன் யோசித்தார். ஜெனரேட்டருக்கு உப்புத் தண்ணீர் பழக்கமில்லை.

மாமியார் குழாயடியில் குனிந்து கையில் பிடித்து, நாக்கில் வைத்துத் துப்பினார். "கடலேதான்" என்றார். இன்னும் ரெண்டு குடம் ஊற்றினோம். மறுபடியும் பிடித்து நாக்கில் வைத்தார். "கருவாட்டுத் தண்ணி." எதிர்வீட்டு அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரும் ருசி பார்த்து, "கரிப்பு போயிட்டுதே" என்றார். "உன் நாக்கே உப்பு. குழம்புல கல்லுப்ப கை நெறைய போடுறவ நீ" என்றார் மாமியார். உடனே எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு. என்னையும் கூப்பிட்டார்கள். துரு வாசனையும் டீசல் வாசனையும் அடித்தன. "லேசா கரிக்குது அத்தை" என்றேன்.

"பாத்தியா? என் மருமவ நாக்கு சரியான நாக்கு. ஊத்துங்க இன்னொரு சுத்து."

தண்ணீர் இல்லை என்றவர் இப்போது நிறுத்தவிடவில்லை. போதும் என்று அண்ணன் கையைக் காட்டியும், "நீ சும்மா இரு தம்பி, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று குடங்களை வரவழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கை நிறையப் பிடித்து, குடித்தே விட்டார். "ஊத்துத் தண்ணிதான். நிறுத்து" என்றார். எஞ்சின் நின்றதும் காதெல்லாம் ரீங்காரம். மாமியார் வாயைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் வேலை. அடியில் இருந்த திருகைக் கழற்றி உள்ளே தேங்கின தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டார். கறுத்துப்போன ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். மேலே டீசல் பீய்ச்சுகிற பாகத்தைக் கழற்றி எடுத்து, அந்த ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டார். "இப்ப மெதுவா சுத்து மாப்ள. உள்ள பூரா ஆயிலு பரவணும்" என்று சொல்லிவிட்டு, பரவுகிறதா என்று ஓட்டைக்கு நேராகக் குனிந்து பார்த்தார்.

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகச் சுற்றிப் பழக்கமில்லை. கடலில் சுற்றுவது போலவே ஒரு சுற்று சுற்றினார். உள்ளே போன ஆயில் அத்தனையும் மேலே பீறிட்டு, அண்ணன் முகத்திலும் பாலேடு நிறச் சட்டையிலும் அடித்தது.

பெண் கொடுத்த வீட்டு ஆள் அல்லவா. என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடியே சிலையாக நின்றார். அண்ணன் கண்களை மட்டும் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் பரவுது" என்றார். மாமியார் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தெருவே சிரித்தது. எண்ணெய் வழிய வழிய அண்ணனும் சிரித்தார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தன்னுடைய தீபாவளிச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தார். இரண்டாவது தடவை மெதுவாகச் சுற்றினார்கள். காற்றுப் போகிற வாய், புகை வருகிற வாய் எல்லாவற்றையும் ஆயிலில் நனைத்த துணியால் அடைத்தார்கள். மெல்லிய துணி வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது மாமியார் தன் புடவை ஒன்றையே கிழித்துக் கொடுத்தார். வெளியே முழுக்க கிரீஸ் தடவி முடித்தபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பங்காளிகள் இருவர் வீடும் ஓலைக் கூரை. எங்கள் வீட்டிலும் அடுப்படியும் முன்பக்கமும் ஓலைதான். ஓடு போட்ட அறை ஒன்றே ஒன்று. அதைப் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்கள்.

"இன்னா யோசன?" என்றார் மாமியார். "இத்தினி தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, திரும்பவும் நனைய வுடறதா? உள்ள தூக்கியாந்து வைங்க. சின்னஞ்சிறுசுங்க ஒரு ஓரமாப் படுத்துக்கட்டும்."

எதிர்வீட்டு அக்கா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வந்து மூணு மாசத்துல சக்களத்தி வந்துட்டாளேடி உனக்கு" என்றார். வெட்கத்தில் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க எஞ்சின் எங்களோடு இருந்தது. டீசல் வாசனைக்கு மூக்கு சீக்கிரமே பழகிவிட்டது. ஈரப் புடவையை அதன்மேல் காயப்போட்டு ஒருநாள் மாமியாரிடம் திட்டு வாங்கினேன். உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது கைப்பிடியைச் சுற்றிவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லிப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் மாமியார் எஞ்சினுக்குப் பொட்டு வைப்பார், நானும் அவருமாகக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவோம். சுற்றும்போது அவர் தன் கல்யாணக் கதை, என் மாமனாரோடு போட்ட சண்டை, எல்லாம் சொல்வார். எண்ணெயில் ஊறின இரும்பு உள்ளே வழுக்கிக்கொண்டு போவதைக் கையில் உணர்வேன்.

கார்த்திகையில் ஒரு நாள் அடித்த காற்றில் அடுப்படிக் கூரை பறந்துபோனது. பங்காளி வீட்டு ஓலைகளும் போயின. பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் அந்த ஓட்டு அறைக்குள் வந்து சேர்ந்தார்கள். எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து, சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தோம். வெளியே மழை கொட்ட, உள்ளே அண்ணன் முகத்தில் ஆயில் அடித்த கதையை என் வீட்டுக்காரர் நடித்துக் காட்டினார். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பொங்கல் முடிந்து எஞ்சினைப் படகில் ஏற்றினோம். அண்ணனுக்கு ஷிப்ட், வரமுடியவில்லை. துணிகளை உருவிவிட்டு, டீசல் ஊற்றி, என் வீட்டுக்காரர் கைப்பிடியைச் சுற்றினார். முதல் சுற்றில் புகை. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

"கடலுக்கு நாளைக்குப் போவலாம். இன்னிக்கி தண்ணி தூக்கினவங்க அத்தினி பேரயும் ஏத்திக்கினு ஏரில ஒரு சுத்து வா" என்று மகனுக்கு உத்தரவு போட்டுவிட்டு, மாமியார் முதல் ஆளாகப் படகில் ஏறினார். பின்னாலேயே தெருப்பெண்கள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். நான் எஞ்சினுக்குப் பக்கத்தில், சுக்கான் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் காலடியில் உட்கார்ந்தேன். நாங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம், கடைத்தெரு இருக்கிற பழவேற்காட்டுக் கரையை நோக்கிப் போனோம். தூரத்தில் செங்கால் நாரைகள் கூட்டமாக எழுந்து இடம் மாறின. வெயில் இதமாக இருந்தது.

ஒரு விஷயத்தைச் சில நாட்களாகவே அவரிடம் சொல்லக் காத்திருந்தேன். வீட்டில் தனியாகப் பேச இடமே இல்லை. இந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று தைரியம் வந்து, அவர் பக்கம் எக்கிச் சொன்னேன். அவருக்கும் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் காதைக் காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்துவதற்கு வாயைத் திறந்தபோது, சரியாகக் கேட்க வேண்டும் என்று அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"நான் ரெண்டு மாசமா முழுகல."

ஏரி முழுக்க அது கேட்டிருக்கும். படகில் இருந்த அத்தனை முகமும் திரும்பியது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேச, எதிர்வீட்டு அக்கா என்னைக் கட்டிக்கொள்ள எழுந்ததில் படகு ஒருபக்கம் சாய, "உக்காருங்கடி, உக்காருங்கடி" என்று கூச்சல். மாமியார் பெண்களைத் தாண்டி வந்து என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கினார். என் வீட்டுக்காரர் மட்டும் சுக்கானும் கையுமாக, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற?" என்றார் மாமியார் அவரிடம். "எஞ்சின எடு. பழவேற்காட்டுல வளையல் கட தொறந்திருக்கும்."