ட்வைட்டுக்கு ஓர் அமைதியான வார இறுதி

வெர்லினைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஆற்றங்கரையில் அவள் நடத்தும் ஆறு கேபின்களிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. எனக்கும் மரியாதைக்கும் அவ்வளவாக ஒட்டாது, பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள். அதனால் அவளுடைய கோபத்திலிருந்து தொடங்குகிறேன். கேபின்களைவிட அதைத்தான் அவள் நன்றாகப் பராமரித்தாள்.

அவள் புருஷன் ட்வைட் ஓர் ஈஸ்டர் வார இறுதியில் ஓடிப்போனான். கேபின் எல்லாம் நிறைந்து, அவள் நான்காம் எண்ணில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரம். போனது கூட அவளுக்குப் பெரிதில்லை. போகும்போது அவள் அப்பா விட்டுப்போன மிதவைப் படகை வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டான். தட்டையான பழைய படகு. பச்சைக் கூரை. அதில்தான் அவள் நீந்தக் கற்றதும், விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றியதும். அவன் போய்ச் சேர்ந்த ஃபீனிக்ஸ் பாலைவன நகரத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் அது காய்ந்து கிடப்பதை நினைத்துக்கொண்டே அவள் பல வருடம் காலையில் பல் தேய்த்தாள்.

இந்தப் பக்கத்து ஆற்று ஊர்களில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்தத் துறையில் படகை இறக்கலாம் என்று நகரத்துக்காரர்கள் அவளைத்தான் கேட்பார்கள். சனி ஞாயிறு இரண்டு நாளையும் வாயாலேயே வரைந்து கொடுத்துவிடுவாள். போன ஜூனில் அப்படி ஒரு போன் வந்தது. பள்ளி விடுமுறையில் அவளிடம் வேலைக்கு நின்ற நான், துண்டு மடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஐஸ் தின்றுகொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"வெர்லின், நான்தான். கேண்டஸுக்கு ரொம்ப அலுப்பு. ரெண்டு நாள், சத்தமில்லாத இடமா, நீதான் திட்டம் போட்டுக் குடுக்கணும். உன்னைவிட யாருக்குத் தெரியும்? பழசெல்லாம் நீ மனசுல வச்சுக்கற ஆளில்லன்னு எனக்குத் தெரியுமே."

கேண்டஸ் என்பது ட்வைட்டின் புதுப் பெண்டாட்டி. வெர்லின் பென்சிலைக் கீழே வைத்தாள். படகு இன்னும் இருக்கிறதா என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். இருக்கிறது, கொண்டுவருகிறோம் என்றான் அவன். அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்பு ஒரு கொயோட்டி நரியின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அவள் போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் அவளுடைய பெருமை. வெள்ளிக்கிழமை, ஆற்றுக்கு மேலே உள்ள ரயில் ஊரில், தண்டவாளத்தை ஒட்டிய பழைய விடுதி: ஜன்னல் வழியே ஊரின் உயிர்நாடி தெரியும் என்றாள். சரக்கு ரயில் இரவு முழுக்கப் போகும் என்பதை அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை, மலையடியில் ஒரு கேபின்: விலங்குகள் வாசல்வரை வரும் என்றாள். காட்டுக் கழுதைகள். அவை வரும் என்பதை உறுதி செய்ய, அவர்கள் நடந்தே சாப்பிடப் போயிருந்தபோது நான் அவன் வண்டிக் கதவில் வெல்லப்பாகு தடவிவிட்டு வந்தேன். அது திட்டத்தில் இல்லை. என்னுடைய அன்பளிப்பு.

ஞாயிற்றுக்கிழமைதான் திட்டத்தின் இதயம். எங்கள் ஊருக்குக் கீழே ஒரு கிளைக் கால்வாய், நடுவில் வெள்ளை மணல்திட்டு. அங்கே கூட்டமே இருக்காது, காலையில் படகைக் கட்டிவிட்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கலாம் என்றாள். ஞாயிறன்று அலுவலகங்கள் மூடியிருக்கும், மின்சாரம் அதிகம் வேண்டாம், அதனால் மேலே அணையில் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் அந்தக் கால்வாயில் இடுப்புத் தண்ணீர் கணுக்கால் தண்ணீராகிவிடும். கூட்டம் இல்லாததற்குக் காரணமே அதுதான். ட்வைட்டுக்கு ஒருகாலத்தில் இது தெரியும். நகரத்தில் குழாயைத் திறந்து திறந்து மறந்துபோயிருந்தான்.

"அவன் செத்துட்டா?" என்று கேட்டேன்.

"சாக வேண்டாம். வேகட்டும்" என்றாள். அவர்கள் எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் குடிதண்ணீரை அவளே இரண்டு மடங்கு வைத்து அனுப்பினாள். அந்தியில் ஆற்றுக் காவல் படகு அந்தப் பக்கம் வரும் என்பதையும் விசாரித்து வைத்திருந்தாள்.

எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. துடுப்பில் சட்டையைக் கட்டி யாராவது தூக்கிப் பிடித்தால், பார்த்த படகு நின்றாக வேண்டும். அந்த ஆள் கரை சேரும்வரை விட்டுப் போகக் கூடாது. ஜென்ம விரோதியானாலும் சரி. பார்த்தும் பாராமல் போன ஒருவனுக்குப் பெட்ரோல் பங்கில் இன்றுவரை யாரும் தலையசைப்பதில்லை. வெர்லின் அந்தத் துடுப்பை ஒருநாளும் தாண்டிப் போனவள் இல்லை. அதனால் ஞாயிறன்று வீட்டைவிட்டு அசைவதில்லை, பார்க்காத கண்ணுக்குக் கடமை கிடையாது என்று முடிவு செய்திருந்தாள்.

நல்ல முடிவுதான். மதியம் வரை தாங்கியது. பிறகு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு, சும்மா ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடலாம், கிளம்புடி என்றாள். எதிர்க்கரைப் புதர் நிழலில் எங்கள் சின்னப் படகை நிறுத்தினோம்.

காட்சி அருமையாகத்தான் இருந்தது. பச்சைக் கூரைப் படகு காய்ந்த மணலில் சாய்ந்து கிடந்தது. சட்டை இல்லாமல் ட்வைட் அதைத் தள்ளினான், திட்டினான், மறுபடி தள்ளினான். முதுகு இறால் நிறத்துக்கு வந்திருந்தது. கேண்டஸ் மட்டும் கூரை நிழலில் காலை நீட்டி முலாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெர்லினுக்கு அது பிடிக்கவில்லை.

அப்போது ட்வைட் சட்டையைத் துடுப்பில் கட்டித் தூக்கினான்.

வெர்லின் தொலைநோக்கியை இறக்கினாள். நான் வானத்தைப் பார்த்தேன். நீங்க எதையும் பாக்கல, நான் சத்தியம் பண்றேன் என்றேன். அவள் கையிலிருந்த ஐஸ் டீயை அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு ஆறு கேட்கக் கூசும் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள்.

எங்களைக் கண்டதும் ட்வைட்டின் வாய் திறந்தபடி நின்றது.

"நீ இத வேணும்னே பண்ணின."

"ஆமா" என்றாள் வெர்லின். அந்த ஒரு சொல்லை அவள் அத்தனை ருசித்துச் சொன்னாள். "ஏறு. ஆளைத்தான் ஏத்துவேன். படகு இங்கயே கிடக்கட்டும். தண்ணி வந்ததும் என் படகை நான் வந்து எடுத்துக்கறேன்."

"உன் படகா?" என்ற கேண்டஸ் ட்வைட் பக்கம் திரும்பினாள். "உங்க தாய்மாமா குடுத்ததுன்னு சொன்னியே?"

ட்வைட் படகுக்குள் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான். இறங்க மாட்டானாம். காலையில் தண்ணீர் வரும்வரை அங்கேயே இருப்பானாம்.

அங்கேதான் வெர்லின் மாட்டிக்கொண்டாள். அவன் இறங்கினால் ஒழிய அவள் கிளம்ப முடியாது. அவன் இறங்குவதாக இல்லை. அவன் வேக வேண்டும் என்று போட்ட அடுப்பில் அவளும் உட்கார்ந்தாள். நானும். கேண்டஸ் எல்லாருக்கும் முலாம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். சரக்கு ரயிலில் வேலை பார்த்த பிரேக்மேன் ஒருவரின் மகளாம் அவள். ரயில் சத்தத்தில் சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான் நிம்மதியாகத் தூங்கினாளாம். கழுதைகள் வண்டிக் கதவை நக்கியதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். இவ்வளவு நல்ல வார இறுதியை யாரும் தனக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததில்லை என்று வெர்லினின் கையைப் பிடித்துச் சொன்னாள். வெர்லின் முகம் போன போக்கு, பாவமாக இருந்தது.

வெயில் தண்ணீரைவிட மெதுவாக இறங்கியது. கடைசியில் வெர்லின்தான் ஆரம்பித்தாள், குரலை உயர்த்தாமல்.

"அன்னிக்கு நாலாம் நம்பர்ல இருந்து வெளிய வந்து பாத்தேன். துறையில கயிறு மட்டும் கிடந்துச்சு. நீ போனதுக்கு நான் அழல, ட்வைட். அந்தக் கயிறைப் பாத்துத்தான் அழுதேன்."

ட்வைட் மணலைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நான் நினைத்தேன். அவனுக்கு அது வராது. கேண்டஸ் எழுந்து, இன்ஜினிலிருந்து சாவியைத் தானே உருவி, அவன் மடியில் வைத்தாள்.

"நீயே குடு. எனக்குப் பசிக்குது."

ரொம்ப நேரம் அதைக் கையில் உருட்டினான். பிறகு இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நடந்து வந்து, வெர்லினைப் பார்க்காமல் நீட்டினான். அவள் வாங்கி சட்டைப் பையில் போட்டுப் பித்தானைப் பூட்டினாள்.

அவன் முதுகைப் பார்த்தவள், ஐஸ் பெட்டியில் கிடந்த ஈரத்துண்டை எடுத்தாள். போர்த்திவிடவில்லை. பத்தடி தூரத்தில் இருப்பவனுக்கு எறிவது போல ஓங்கி எறிந்தாள். அவன் துள்ளினான். "தோள்ல போட்டுக்க, கொப்புளம் வரும்" என்றாள்.

ட்வைட்டை முன்னால் உட்காரவைத்து ஊருக்குத் திரும்பினோம். வழியில் எத்தனையோ படகுகள் கிளப்பிய அலைகள். அவற்றைச் சுற்றிப் போக ஆறு அகலமாகத்தான் இருந்தது. வெர்லின் ஒவ்வொரு அலையின் மீதும் படகை நேராக ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் இருக்கையின் முதுகுப்பலகை அவன் முதுகில் அறைந்தது. ஒவ்வொரு முறையும் அவள், தொழில்முறைப் பணிவோடு, சௌகரியமா இருக்கா என்று கேட்டாள்.