எல்லையைத் தாண்டிய மூன்று பாட்டில்கள்

நேற்று உங்களோடு பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது ஜன்னல் வழியே உப்பளத்து வாடை வந்ததும், பிள்ளைகளே, அகலமான புதுச் சாலைக்குள் மறைந்துபோன பழைய செக்போஸ்ட்டும் அதன் மூங்கில் தடுப்பும் என் கண்முன்னே வந்து நின்றன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்த ஊரின் கோணாத தெருக்களையும் மஞ்சள் சுவர்களையும் சிவப்புத் தொப்பிப் போலீசையும் பார்த்துவிட்டு வருகிறவர்களின் பைகளை, அங்கே மலிவாகக் கிடைக்கும் சரக்கு இருக்கிறதா என்று எல்லையில் தடவிப் பார்ப்பார்கள்.

உங்கள் அத்தை அப்போது எட்டாம் வகுப்பு. கடல்நீர் உப்பாவதைக் காட்ட, ஒன்றைவிட ஒன்று உப்பேறிய மூன்று உப்பளப் பாத்திகளின் தண்ணீரை, அங்கே கிடந்த காலி பிராந்தி பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போய், புதுச்சேரிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கித் திரும்பினாள். மறுநாள் அவற்றைப் பார்க்க எங்கள் பள்ளிக்கூடமே காத்திருந்தது.

"மூணு பாட்டிலா? எல்லாத்தையும் கீழ கொட்டு," என்றார் எல்லையில் பஸ்ஸில் ஏறி அவள் பையைத் தடவிய போலீஸ்காரர்.

"உப்புத்தண்ணி சார். நம்பலன்னா குடிச்சுப் பாருங்க," என்றாள் அத்தை.

அவர் கடைசி பாட்டிலைத் திறந்து, உப்பளத்தில் வேலை செய்த எங்கள் அம்மாவின் காலில் வெடிப்பு உண்டாக்கும் அந்தக் கெட்டித் தண்ணீரை ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அடுத்த நொடி தூ தூவென்று துப்பியபடி தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினார்.

"ஏம்பா, சாருக்கு ஒரே மடக்குல ஏறிடுச்சுப்பா!" என்றார் பின்சீட்டில் இருந்த கூனிமேட்டு ஊர்க்காரர். சிரிப்பும் கைத்தட்டலுமாக பஸ் அதிர, மூங்கில் தடுப்பு உயர்ந்தது.

மறுநாள் பள்ளியில் அத்தை, அந்தப் பாட்டிலில் குறைந்திருந்த ஒரு வாய்த் தண்ணீரைத்தான் பரிசைவிடப் பெருமையாகக் காட்டினாள்.