ஜட்ஜண்ணன் அனுப்பிய கதவு

ஜட்ஜண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நாற்பது சொல்லியிருப்பேன். அது போன வருடம். இப்போது அந்த ஆள் பேச்சை எடுத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு பார்சல் கம்பெனியின் கிடங்கில். வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேராமல் திரும்பி வரும் பார்சல்களைச் சரிபார்க்கும் மேசை எங்களுடையது. ஏழு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். நிஜமாகவே நின்றோம், அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. அதற்கு முன் இரண்டு வருடம் அவர் லாரியிலிருந்து சரக்கு இறக்கியவர். அதில் முதுகெலும்புத் தட்டு விலகிப்போய், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்.

ஜட்ஜ் என்ற பட்டம் நான் வைத்தது. வீடு பூட்டியிருந்தால் டிரைவர் அந்தக் கதவைப் படம் எடுத்து எங்கள் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி சட்டம். மாடி ஏறச் சோம்பல்பட்டு, கண்ணில் பட்ட ஏதோ ஒரு மூடிய கதவை எடுத்து அனுப்பிவிடும் புண்ணியவான்களும் உண்டு. அப்படிப்பட்டவன் வண்டி உள்ளே நுழைந்ததும் அண்ணன் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்ப்பா, நீ சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா? அந்த மனுஷன் காசக் கட்டிட்டு வாசலப் பாத்துட்டு ஒக்காந்திருக்கான். நீ கீழயே நின்னு எவன் வீட்டுக் கதவையோ புடிச்சு அனுப்புற!"

டிரைவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். "தீர்ப்பு சொல்லியாச்சா ஜட்ஜண்ணே?" என்று நான் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். அந்தக் கிடங்கில் வெட்கம் மானம் உள்ள ஆள் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன்.

டிரைவர் வேலைக்கு மூன்று தடவை தேர்வுக்குப் போனார். இரண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் முட்டினார். மச்சினனுடைய வேனை விடியற்காலையில் கடன் வாங்கி, காலி மைதானத்தில் ஓட்டி ஓட்டிப் பழகி, மூன்றாவது தடவை தேறினார். அண்ணி தையல்காரி. சீருடைச் சட்டை பட்டைக்கு மேல் பிதுங்காமல் இருக்க இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை, சம்பளம் கூடுதல், மருத்துவச் செலவும் கம்பெனியுடையது என்று மேசைக்கு மேசை சொல்லிவிட்டுப் போனார். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

ஆனால் முதல் தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அதற்குள் ஒரே ஒரு பொய்ப் படம் பிடிபட்டாலும் வண்டி போய்விடும். மேசையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, ஆகவே மறுபடி லாரிச் சரக்குதான் இறக்க வேண்டும். அந்த முதுகுக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எண்பத்திரண்டாம் நாள் மதியம் எங்கள் மேசைப் போன் அடித்தது. மேலே ஆபீஸில் யாரும் எடுக்க விரும்பாத அழைப்புகளை எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

"நான் முழங்கால்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன்மா," என்றார் ஒரு பெரியவர். "எழுந்து வந்து தொறக்க நேரமாகும்னு, காலையிலேர்ந்து கதவத் தொறந்து போட்டுட்டு அதுக்கு நேராவே ஒக்காந்திருக்கேன். ஒருத்தரும் வரல. ஆனா கதவு பூட்டியிருந்துச்சுன்னு மெசேஜ் வருது. இதோட மூணு தடவ."

மூன்று தடவை திரும்பினால் பொருள் விற்றவனுக்கே போய்விடும். பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். பார்சல் முழங்காலுக்குப் போடும் உறை. முகவரி மூன்றாவது மாடி. கொண்டு போன வண்டி அண்ணனுடையது.

படத்தைத் திறந்தேன். பச்சைக் கதவு. கீழே யாரோ உதைத்த பள்ளம். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் மூன்று சுற்று. அந்த டேப்பைச் சுற்றியவள் நான். எங்கள் கிடங்கின் பின்பக்கம் இருக்கும் பெண்கள் கழிப்பறைக் கதவு அது.

ஆள் பொய் சொன்னதைவிட, ஒரு நோயாளியின் வீட்டு வாசல் என்று கக்கூஸ் கதவை அனுப்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் வண்டி வந்ததும் போய் நின்றேன்.

"ஏண்ணே, ஒரு வீட்டுக் கதவுகூடவா கெடைக்கல?"

அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். இடது காலைத் தரையில் வைக்கவே யோசித்தார்.

"காலையில கெளம்பும்போதே எடுத்து வச்சுட்டேன் தங்கச்சி. ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது பார்சல். ரெண்டு மாடி ஏறினா கால் மரத்துப்போகுது. மூணாவது மாடின்னா முடியல."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"முதுகு போச்சுன்னு சொன்னா வண்டியத் தருவானா?"

"அதுக்காக? நான்தானே அந்தப் படத்தப் பாக்கப் போறேன்? அது தெரியாதா உங்களுக்கு?"

"நீ எங்க பாக்கப் போறன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "என்னண்ணே பேச்சு இது? என் வேலையே அதுதானே!"

"ஏழு வருஷம் உன் பக்கத்துல நின்னவன் நான். மணிக்குத் தொண்ணூறு படம் முடிக்கணும். நான் டிரைவரத் திட்டுவேன், நீ சிரிப்ப. கை மட்டும் 'சரி'ய அழுத்திட்டே இருக்கும். எந்தக் கதவ நாம உத்துப் பாத்தோம்? இது உன் கதவா போனதால கண்ணுல பட்டுச்சு."

கெஞ்சியிருந்தால் முகத்தில் அடித்தாற்போல் நாலு கேட்டிருப்பேன். அவர் கெஞ்சவில்லை. "இன்னும் எட்டு நாள்," என்று மட்டும் சொல்லிவிட்டு இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு போனார்.

மேசைக்கு வந்தேன். திரையில் அந்தப் படம். கீழே இரண்டு பொத்தான்கள். 'சந்தேகம்' அழுத்தினால் விசாரணை வரும். பெரியவருக்கு நாளைக்கே வேறு வண்டியில் பொருள் போகும். அண்ணன் லாரிக்குப் போவார். அவரை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. மணிக்குத் தொண்ணூறு என்று கணக்கு வைத்தவனை நினைத்தால் காறித் துப்பத் தோன்றியது. அவர் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

'சரி'யை அழுத்தினேன். பிறகு பெரியவரைக் கூப்பிட்டேன், கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேனே.

"பாத்துட்டேங்க ஐயா. கதவு பூட்டியிருந்துச்சுன்னு படமே இருக்கு."

"அப்படியாம்மா? மாத்திர போட்டதுல கண்ணசந்துட்டேன் போலிருக்கு. காத்துல கதவு சாத்தியிருக்கும். பாவம், அந்தத் தம்பிய மூணு தடவ மாடி ஏற வச்சுட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லும்மா."