"ஓவ் சேர்" சொல்லச் சொன்னது நான்தான்

கோர்ட்டில் எதைக் கேட்டாலும் "ஓவ் சேர்" என்று ஒத்துக்கொண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நான் மனதார நம்பியிருந்தேன். "ஓவ் சேர்" என்றால் சிங்களத்தில் "ஆமாம் சார்". மூன்று வருடங்களுக்கு முன் கண்டியில் ஒரு நீதிமன்றத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிவரை அந்த நம்பிக்கை பத்திரமாக இருந்தது. ஒருமுறை ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போய்ப் பிடிபட்டு, "ஓவ் சேர்" என்று ஒத்துக்கொண்டு, தண்டம் கட்டிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் சோறு சாப்பிட்டவன் நான். ஒரே ஒரு ஹெல்மெட்டை வைத்து முழுச் சட்டத்தையும் படித்து முடித்திருந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், அரசாங்கப் படிவம் நிரப்பிக் கொடுத்தல். படிவம் நிரப்புகிறவனுக்குச் சட்டமும் தெரியும் என்று எங்கள் பகுதியில் ஓர் எண்ணம் உண்டு. அதைத் திருத்த நான் முயன்றதில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் மாலை, பல்லேகலையில் கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு பெண் கடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, எங்க பெரியவரப் பொலிஸ்ல புடிச்சி வச்சிருக்காங்க. நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போறாங்களாம்."

பெரியவர் என்பது அவருடைய கூடப்பிறந்த அண்ணன். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். ஆனால் அறிவு ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. கடைகளுக்கு மூட்டை சுமப்பார். எதைத் தூக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் போதும், பிசகாமல் செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாத ஒருவன், பாதி கட்டிய வீடொன்றில் இருந்த தண்ணி மோட்டரைக் காட்டி, சந்திவரை கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். இவரும் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். வீட்டுக்காரர் கத்தியதும் சொன்னவன் ஓடிவிட்டான். இவர் ஓடவில்லை. மோட்டரைக் கீழே வை என்று யாரும் சொல்லாததால் அதைச் சுமந்தபடியே நின்றிருக்கிறார். நீயா களவெடுத்தாய் என்று பொலிஸில் கேட்டதற்கு "ஓவ் சேர்" என்றாராம்.

"அது நல்லதுதான் தங்கச்சி. கோர்ட்லயும் அதையே சொல்லச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா கேஸ் அன்னைக்கே முடிஞ்சிரும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவாரு" என்றேன். லோயர் வேண்டாமா என்று அவர் கேட்டார். லோயர் வந்தால்தான் இழுபடும் என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை குற்றச்சாட்டை வாசித்தார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். பெரியவர் கூட்டத்தில் என் முகத்தைத் தேடினார். நான் தலையை ஆட்டினேன். "ஓவ் சேர்" என்றார், நல்ல சத்தமாக. பழைய குற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கக் கைரேகை அறிக்கை வரவேண்டும், அதுவரை பதினான்கு நாள் விளக்கமறியல், அதாவது சிறையில் காவல், என்றார் நீதவான். தீர்ப்பு அதற்குப் பிறகு; சிறைத்தண்டனையாகவும் இருக்கலாம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

தங்கச்சி என் பக்கம் திரும்பினார். "மத்தியானம் வந்துருவாருன்னீங்களேண்ணே."

எனக்குக் கக்கூசுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. போனேன். அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

வெளியே வந்தபோது தங்கச்சி இலவச சட்ட உதவியில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, முப்பது வயதுக்குள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒத்துக்கொண்டதை வாபஸ் வாங்க விண்ணப்பிக்கலாம். ஆனா, தான் என்னத்துக்கு ஓமெண்டுறார் எண்டு அவருக்கு விளங்கேல்லை எண்டதை நான் காட்டவேணும். செய்யாததையும் செய்தனெண்டு சொல்லுற ஆளோ?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நிலைமையை லேசாக்கலாம் என்று நினைத்து, எங்கள் கடை வேடிக்கையைச் சொன்னேன். மாலையில் பெரியவர் கடைப்பக்கம் வந்தால் நான் கேட்பேன்: "நேத்துப் பல்லேகல மைதானத்துல செஞ்சரி அடிச்சது நீங்கதானே?" "ஆமாண்ணே." "எத்தன சிக்ஸர்?" "ஏழு." கடையே சிரிக்கும். இன்னொரு நாள் விமானம் ஓட்டினீர்களா என்பேன். அதற்கும் ஆமாம். பல வருடமாக நடந்த நாடகம் இது.

சட்டத்தரணி சிரிக்கவில்லை. தங்கச்சியும் சிரிக்கவில்லை. "இல்லன்னு சொன்னா திரும்பத் திரும்பக் கேப்பாங்க, அடிப்பாங்க. ஆமான்னா விட்டுருவாங்க. சின்ன வயசுலயே அவருக்கு அது பழகிருச்சி மிஸ்" என்றார் தங்கச்சி, என்னைப் பார்க்காமல்.

சட்டத்தரணி பேனாவை மூடினார். "அண்ணை, நீங்கள் இப்ப சொன்னதைச் சாட்சிக் கூண்டிலை ஏறிச் சொல்லவேணும்."

அடுத்த பதினான்கு இரவும் நான் தூங்கிய அழகை என் மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். ஊர்ப் பெரிய மனிதன் என்று பெயரெடுக்க நினைத்தவன், அறிவு குறைந்த ஒருவரை வைத்துப் பொழுது போக்கினேன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். சட்டத்தரணி போனில், "மருந்தை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்று மறுத்தேன். கூண்டில் ஏறினேன். கடை வேடிக்கையை ஒருவாறு சொல்லி முடித்தேன். செஞ்சரி, சிக்ஸர், விமானம் எல்லாம். கடையில் விழுந்து விழுந்து சிரித்த கதை அங்கே ஒருவருக்கும் சிரிப்பு மூட்டவில்லை.

பிறகு வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி எழுந்தார். குரலை உயர்த்திக் கேட்டார்: "நீ இந்த ஆளுடைய சொந்தத் தம்பி, இல்லையா?"

"ஓவ் சேர்" என்றேன்.

கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. பதிலும் தெரியும். வாய்தான் தன்பாட்டில் ஒத்துக்கொண்டது.

சட்டத்தரணி உடனே எழுந்தார். "நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் தம்பியா?"

"இல்லை."

"அப்போ ஏன் ஆமாம் என்றீர்கள்?"

"அவர் சத்தம் போட்டார். பயத்தில் சொல்லிவிட்டேன்."

நீதவான் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு குற்றவாளிக் கூண்டில் நின்ற பெரியவரைப் பார்த்தார். பெரியவர் எனக்குக் கையசைத்தார். நீதவான் குனிந்து ஏதோ எழுதினார். நான் இறங்கும்போது படியில் தடுக்கி ஒரு கொன்ஸ்டபிள் மேல் விழுந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மிச்சம் வைத்து என்ன பயன்.

அன்று, ஒத்துக்கொண்டதை வாபஸ் வாங்க அனுமதி கிடைத்தது. பெரியவரைப் பிணையில் விட்டு, மனநல மருத்துவரின் அறிக்கையும் கேட்டார்கள். குற்றச்சாட்டை விளங்கிக்கொள்ளவோ தனக்காக வாதாடச் சொல்லவோ அவரால் இயலாது என்று அறிக்கை வந்தது. எட்டு மாதம் கழித்து வேறொரு களவில் பிடிபட்ட ஒருவன், மோட்டரைத் தூக்கச் சொன்னது தான்தான் என்று சொன்னான். பெரியவரை வழக்கிலிருந்து விடுவித்தார்கள்.

இப்போதும் அவர் எங்கள் வீதியில்தான் மூட்டை சுமக்கிறார். அவரிடம் எதையாவது கேட்டால், பதில் வந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பேன். சில நாட்களில் மெதுவாக "இல்லண்ணே" என்று திருத்துகிறார். செய்யாத களவுக்கு அவர் விளக்கமறியலில் இருந்தது பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் நான் சொன்ன புத்தியால் வந்தது.