ஒரே பந்து, இரண்டு பேர்

ஒரு பந்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி அடிக்கிற ஆட்டமும் கோல்ஃபில் உண்டு என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. என் மகன் பல வருஷமாக ஆடுகிறான். அவனவன் பந்தை அவனவன் அடித்துத்தான் பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை. தேசத்துக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு பந்து. இவர் அடித்தால் அது போய் விழுந்த இடத்திலிருந்து அவர் அடிக்க வேண்டும். நானும் மருமகளும் ஒரே குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி. அதிலேயே எங்களுக்குள் எத்தனை வருத்தம்! இவர்கள் வெயிலில், ஊரே பார்க்க, வெளிதேசத்துக்காரர்களை எதிர்த்து ஆட வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்தில் கொரியாக்காரர்களிடம் தோற்றுப்போனார்கள். மைசூரில் எங்கள் விஜயநகர் வீதியில் எல்லோரும் என்னைப் பார்த்தால், கன்னடத்தில் "அய்யோ பாவ, சோத்புட்ரா ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். ஆமாம், தோற்றார்கள். அதனால் என்ன? அதற்கு முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானாகச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறாள். நடுநடுவே "இதெல்லாம் வேண்டாங்கத்தை" என்பாள். வேண்டும் என்பேன். எழுதுவாள், நல்ல பெண்.

நாங்கள் ஹனூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் கட்டிட வேலைக்கு மைசூருக்கு வந்தார், பின்னாலேயே நானும் வந்தேன். மலையடிவாரத்தில் குடியிருந்தோம். கோல்ஃப் மைதானம் பக்கத்திலேயே இருந்தது. என் மகன் மீசை முளைக்கும் முன்பே அங்கே போய் ஆடுகிறவர்களுக்குப் பை தூக்க ஆரம்பித்தான். அந்த வேலைக்கு கேடி என்று பெயர். ஊரில் அப்படிச் சொன்னால் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று, பை தூக்குகிற வேலை என்றே சொல்வேன். அவன் தூக்கியது பெரும்பாலும் ஒருவருடைய பையைத்தான். குடகில் காப்பித் தோட்டம் உள்ள குடும்பம், இவன் வயதுதான் அவருக்கும். இருபது வருஷம் தூக்கினான். பை தூக்குகிறவர்கள் ஆடலாம் என்று வாரத்தில் ஒரு நாள் விடுவார்கள். அந்த நாட்களில் ஆடி ஆடியே பெரிய ஆட்டக்காரனாகி, இப்போது பத்துப் பேருக்குச் சொல்லித் தருகிறான். ஆனாலும் அந்த மனிதர் எதிரே வந்தால் எழுந்து நின்றுவிடுவான். சார், சார் என்பான்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இப்படி ஒரு தேசப் போட்டி, அதுவும் நம் மைசூரிலேயே. அதற்கு நம் தேசத்து ஜோடியாக அவரையும் இவனையும் எடுத்தார்கள். நான் கேசரி கிளறினேன். இவன் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"என்றா ஆச்சு? முந்திரி பத்தலையா?" என்றேன்.

"அவருகூட நான் எப்படிம்மா ஜோடியா ஆடறது?"

"இருபது வருசம் கூடத்தானடா நடந்த?"

"கூட இல்லம்மா. பின்னாடி நடந்தேன்."

கேசரியை மூடி வைத்தேன். அவன் தோற்பதற்குப் பயப்படவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் பக்கத்தில் சரிசமமாக நிற்பதற்குத்தான் பயந்தான்.

அரை இறுதி ஆட்டத்துக்கு மருமகள் என்னைக் கூட்டிப்போனாள். அங்கே பேசக் கூடாதாம். என் வாய் சும்மா இருக்காது என்று ஒரு பொட்டலம் கற்கண்டு கொண்டுவந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றை உள்ளே போட்டாள். புல் பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "போட்டுக்கங்கத்தை, சிரிக்கறாங்க" என்றாள். சிரிக்கட்டுமே, அந்தப் புல்லை மிதிக்க என் செருப்புக்கு என்ன யோக்கியதை!

எதிர் ஜோடி தாய்லாந்துக்காரர்கள். என்னைக் கடந்து போகையில் இரண்டு பேரும் கைகூப்பிக் கும்பிட்டார்கள். இவ்வளவு நல்ல பிள்ளைகள் ஏன் என் மகனுக்கு எதிராக வந்தார்கள் என்று மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

என் மகன் செய்ததைக் கேளுங்கள். ஆட வந்தவன், அவருடைய பையைத் தூக்கப் போகிறான்! அந்தப் பையைத் தூக்க என்றே ஒரு ஆள் வந்திருக்கிறான். அவன், "அண்ணா, என் வேலையையும் நீங்களே பண்ணா, நான் என்ன பண்ணட்டும்? உங்க பந்த அடிக்கட்டுமா?" என்று கேட்டுப் பையைப் பிடுங்கினான். தோளில் ஒரு துண்டு போட்டிருந்தான் என் மகன், பழைய வழக்கம். பந்து கொஞ்சம் விலகினாலும் "சாரி சார், சாரி சார்" என்றான்.

ஒவ்வொரு குழியாகக் கணக்கு. குறைவான அடியில் போட்ட ஜோடிக்கு அந்தக் குழி. பாதி ஆட்டம்வரை சமமாக இருந்தது. அப்புறம் ஒரு குழி. அவர் அடித்த பந்து கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் மகன் போய்க் குந்தினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பந்தைத் துடைத்து வைத்தான். இங்கே அடிக்கணும் என்று விரலால் காட்டினான். பை தூக்குகிறவன் கையிலிருந்து அவருடைய மட்டையை வாங்கி அவரிடம் நீட்டினான். ஒதுங்கி நின்றான். அவர் வாங்கினார், அடித்தார். பந்து சொட்டென்று குழிக்குள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டின தட்டலில் கற்கண்டு கீழே விழுந்தது. மருமகள் மட்டும் தட்டவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது இவரு அடிக்க வேண்டியதுங்க!"

நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தின அடி அவருடையது, இது என் மகனுடைய முறை. ஆள் மாறி அடித்தால் அந்தக் குழி எதிராளிக்காம். இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. பை தூக்கின பழக்கத்தில் இவன் மட்டையை நீட்டினான், அவர் வாங்கி அடித்தார். எத்தனை ஆயிரம் தடவை அப்படிச் செய்திருப்பார்கள்!

என் மகன் முகம் செத்துவிட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், பேசுவது நன்றாகவே கேட்டது. "சாரி சார், எல்லாம் என்னாலதான்" என்று கன்னடத்தில் சொன்னான். அந்த மனிதர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திச் சொன்னார்:

"நந்தூ தப்பே கணோ. நீ கொட்டே, நா தகொண்டே."

என் தப்பும்தான்டா, நீ கொடுத்தாய், நான் வாங்கினேன் என்றார். சொல்லிக்கொண்டே இவன் தோளில் இருந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கற்கண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் மகன் பையைத் தொடவில்லை. சாரியும் சொல்லவில்லை. தாய்லாந்து ஜோடி ஒரு குழி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசிக்கு முந்தின குழியில் இவர்கள் எட்டிப் பிடித்தார்கள். கடைசிக் குழியில் தாய்லாந்துக்காரர் அடித்த பந்து ஓரத்தைத் தொட்டு விலகிப் போயிற்று. அவர் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டார். இவன் போட்டுவிட்டால் இறுதி ஆட்டம். தூரம் எங்கள் வீட்டுக் கூடத்து நீளம் இருக்கும்.

அந்த மனிதர் குந்திப் பார்த்துவிட்டு, "ஸ்வல்ப எடக்கே" என்றார். கொஞ்சம் இடது பக்கமாம்.

என் மகனும் குந்திப் பார்த்தான். "இல்லா. நேரே."

"எடக்கே கணோ. நன்கே காணஸ்தாயிதே." இடதுதான்டா, எனக்குத் தெரிகிறதே என்றார் அவர்.

"ஹொடியோது நானு தானே?"

அடிக்கப்போவது நான்தானே என்கிறான்! அவரிடம்! வீட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டால், சாப்பிடப்போவது நான்தானே என்று என்னிடம் கேட்பானே, அந்தக் குரல். "பெரிய இடத்துப் புள்ள சொல்றாரு, கேளுடா" என்று என் வாய்க்குள் வந்துவிட்டது. பழக்கம் அவனுக்கு மட்டுமா? எனக்கும்தான். நல்லவேளை, வாய் நிறையக் கற்கண்டு.

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் எழுந்து தள்ளி நின்றார்.

என் மகன் நேராக அடித்தான். பந்து மெதுவாகப் போயிற்று, அவ்வளவு மெதுவாக. போய் விழுந்தது.

மருமகள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. என் மகனைச் சுற்றிக் கூட்டம். அந்த மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, பள்ளிக்கூடத்து வாத்தியார் புகார் சொல்லுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா, நிம் மக இவத்து நன் மாத்து கேளலில்லா, நோடி."

உங்கள் மகன் இன்றைக்கு என் பேச்சைக் கேட்கவில்லை பாருங்கள் என்கிறார். நான் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்:

"ஒள்ளேதாயித்து பிடப்பா."

நல்லதாப் போச்சு விடப்பா.