வடிவு எடுத்த ரீடிங்

வடிவு ஷிப்டுக்குப் பதினோரு தடவை வெளியே போவது நூம்பலில் மனை விற்கத்தான் என்று அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தப் பல்சக்கரத் தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. கழிவறையிலிருந்து போனிலேயே இரண்டு கிரவுண்டு முடித்துவிட்டாளாம். சரிபார்த்ததில் பதினோரு தடவை என்பது மட்டும் உண்மை. போன் மேசையிலேயே கிடக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் அதை எடுக்க அவளுக்கு நேரமில்லை.

வேலை, அளவுக்கருவிகளை அளப்பது. எந்த கேஜ் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அந்த அளவீட்டு அறைக்கு வரப் பன்னிரண்டு வருஷம் லேத் பக்கம் நின்றவள். இரும்பு சூட்டில் நீளும் என்பதால் அங்கே எப்போதும் இருபது டிகிரி. அந்தக் குளிர் பட்டதுமே மூத்திரம் முட்டும். பட்டாபிராமில் வீட்டைப் பூட்டிய கையோடு மறுபடி திறந்து உள்ளே போய்வருவாள். சிக்னலில் ரயில் நின்றால் டிரைவரின் ஏழு தலைமுறையும் இவள் வாயில் விழும். தண்ணீரைக் காலை அரை டம்ளரோடு நிறுத்திவிட்டாள்.

ஆவடி டாக்டர் ஜெபா அதற்குத்தான் திட்டினார். "தண்ணி குடிக்கலன்னா யூரின் கெட்டியாகி இன்னும் உறுத்தும்மா."

மூத்திரப் பையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டாம். பை விரிந்தால் அவை திறந்து அயனிகள் பாய, நரம்பு மூளைக்குச் சொல்லும். குளிருக்குத் திறப்பவையும் உண்டு. வடிவுக்குக் கால்வாசிப் பை நிறைவதற்குள்ளேயே திறந்துகொள்கின்றன போலும்.

"அப்ப கேஜ் அவுட்டுன்னு சொல்லுங்க," என்றாள் வடிவு. "ரிஜெக்ட் பீஸை ஒடம்புல வெச்சிகினுதான் ஊர் கேஜையெல்லாம் செக் பண்ணிகினு கீறேனா?"

மாத்திரைக்கு முன், எப்போது, எத்தனை மில்லி போகிறது என்று மூன்று நாள் எழுதிவரச் சொன்னார் டாக்டர்.

எழுதி முடித்த அன்றே சூப்பர்வைசர் திருவேங்கடம் கூப்பிட்டார். அந்தப் பதினோரு தடவைக்கு விளக்கம் தராவிட்டால் திங்கள் முதல் பேக்கிங் செக்ஷன். வடிவு நோட்டை நீட்டினாள்.

"எண்பது, எழுபத்தஞ்சு, தொண்ணூறு. இன்னாம்மா ரீடிங் இது?"

"என்னுது சார்."

அவர் உள்ளங்கையிலிருந்த நோட்டு விரல்நுனிக்கு இடம் மாறியது. ஆனாலும் தொழில் பழக்கம் விடவில்லை. "எதுல அளந்த?"

"பிளாஸ்டிக் கப்பு. கோடு சரியான்னு வெறுந்தண்ணி ஊத்தி நம்ம தராசுல எடை பாத்துட்டேன்."

"கம்பெனி தராசுலயா?"

"செக் பண்ணாத கப்பை எப்பிடி சார் நம்புறது?"

பேக்கிங் மாற்றம் நின்றது. பதிலுக்கு, கம்பெனி தராசைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதாக மெமோ வந்தது. நிரூபணமானால் அந்த அறையே கிடையாது. நோட்டு சாட்சியாம். டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அது டாக்டருக்குத் தரணும் சார்."

"என்கொயரி முடியட்டும்மா."

மாலையில் கிளினிக்கிலிருந்து போன். மூன்று நாள் கணக்கு இன்னும் வரவில்லை, அது இல்லாமல் மாத்திரை எழுத மாட்டார்கள்.

"தரேம்மா, தராம எங்க போயிடப் போறேன்," என்று வைத்தாள். புது நோட்டில் ஸ்கேல் பிடித்துக் கட்டம் கட்டினாள். 'முதல் நாள்' என்று எழுதி, தேதி போடுவதற்குள் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.