பெரிய வெள்ளிச் சாப்பாடு

முதலில் எரிந்தது நாக்கு. மகள் நிலானிக்கு அப்போது நான்கு மாதம். சோற்றில் சொதியை (தேங்காய்ப்பால் குழம்பு) விட்டு வாயில் வைத்தால் கொதிநீரைக் குடித்தவள்போலத் துடித்தேன். மிளகாய்த்தூளில்தான் பிழை என்று நினைத்துத் தூளை மாற்றினேன். பிறகு தூளே இல்லாமல் சாப்பிட்டேன். எரிவு நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது நாக்கு தோலுரித்ததுபோலச் சிவந்து, வழவழப்பாக இருந்தது.

மூச்சு வாங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. கிணற்றில் நாலு வாளி அள்ளினால் கிணற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தால் நெஞ்சு படபடக்கும். பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லையோ என்று அடுத்த நிமிடமே பயந்தேன்.

மரக்கறியும் பழமும் தொண்டையால் இறங்காமல் வளர்ந்து, பிள்ளை பெற்ற பிறகு உடம்பு தளர்ந்து நிற்கும் பெண்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள். இது அவர்களுக்காக எழுதுவது.

நாங்கள் கொழும்புத்துறைக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் உலை வைப்பது இரண்டே சமயங்களில்தான்: பெரிய வெள்ளி அன்று, இல்லையென்றால் உறவுக்குள் யாரும் இறந்தபோது. மரக்கறி எனக்குத் துக்கத்தின் சாப்பாடு. கீரையின் கொழகொழப்பும் புடலங்காயின் மணமும் வந்தாலே, கறுப்புச் சேலை கட்டிய பெண்கள் நினைவுக்கு வருவார்கள்.

சண்டை கரைக்கு வந்தபின் நானும் கணவரும் உள்ளே பெயர்ந்து, தோட்டக் காணிகளுக்கு நடுவே ஒரு வீட்டின் பின்பத்தியில் (பின்புறச் சாய்ப்பு அறையில்) குடியிருந்தோம். கடலில் தொழில் செய்யத் தடை. மீன் எப்போதாவதுதான் வந்தது. காய்கறியோ, தெற்கே கொண்டுபோக வழியில்லாமல் சந்தையில் குவிந்து கிடந்தது. நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோறு, சொதி, ஒரு துண்டுக் கருவாடு. பழம் குளிர்ச்சி, பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மா பத்தியம் (பிள்ளை பெற்றவளுக்குரிய உணவுக் கட்டுப்பாடு) சொல்லியிருந்தா. நாற்பத்தோராம் நாளோடு முடியவேண்டிய பத்தியத்தை நான் விருப்பத்தோடு நீட்டிக்கொண்டேன்.

கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நடைபாதையின் வாங்கில் (நீள இருக்கையில்) நெடுநேரம் இருந்தோம். டொக்டர் என் அக்காவின் வயதுப் பெண். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இரத்தம் எடுக்க அனுப்பினார். முடிவு வந்ததும் கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பிள்ளை, என்ன சாப்பிடுறனீங்கள்?”

சொன்னேன்.

“மரக்கறி?”

“அவவுக்கு அது இறங்காது டொக்டர்” என்றார் கணவர். “எங்கடை ஆக்கள் மீனோடை வளர்ந்தவை.”

“உங்களை நான் கேக்கேல்லைத் தம்பி. வாய் அவவுக்கும் இருக்கு.”

எனக்கு இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைதல்). இரும்புச்சத்தோடு போலிக் அமிலமும் (பச்சை இலைகளிலும் பழங்களிலும் பயறுகளிலும் உள்ள, இரத்தம் உண்டாகத் தேவையான ஒரு சத்து) மிகவும் குறைந்துவிட்டது என்றார். இருந்த மாத்திரைகளில் கொஞ்சம் தந்தார். அடுத்தது எப்போது வருமென்று அவருக்கும் தெரியாது.

“இலையும் பழமும்தான் இப்ப உங்களுக்கு மருந்து. இன்னும் குறைஞ்சால் ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சு வைச்சு இரத்தம் ஏத்த வேண்டி வரும். இரத்தத்துக்கும் தட்டுப்பாடு. பிள்ளைக்குப் பால்மா கிடைக்குமே?”

கிடைக்காது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் விழுந்தால் நிலானிக்குப் பால் இல்லை. வீடு வரும்வரை சைக்கிளில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றே கீரை வாங்கினோம். ஆனால் நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். கிருமி என்றால் என்னவென்று தெரியும். ஊரில் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் உலாவின காலம். கீரையை மூன்று தரம் கழுவி, நிறையத் தண்ணீரில் நெடுநேரம் அவித்து, பிழிந்தெடுத்தேன். பிழிந்தால் கொழகொழப்பும் மணமும் போய்விடும் என்பது இன்னொரு வசதி. அந்தப் பச்சைத் தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன். மிஞ்சிய சக்கையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

கொழும்புத்துறையிலேயே தங்கிவிட்ட அம்மா எங்களைப் பார்க்க வந்தா. என் கோப்பையில் (சாப்பாட்டுத் தட்டில்) சோறும் கீரையும் புடலங்காயும் மட்டும் இருந்ததைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டா.

“பிள்ளை, ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை அம்மா. டொக்டர் சாப்பிடச் சொன்னவ.”

“அதுக்கு இப்பிடியே? தவக்காலத்திலை கூட உனக்கு இவ்வளவு பக்தி வந்ததில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது உதட்டோரம் வெடித்து இரத்தம் கசிந்தது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. சேலைத் தலைப்பால் அதை ஒற்றிவிட்டா. அன்றே கொழும்புத்துறைக்குச் சொல்லியனுப்பிவிட்டு எங்களோடு தங்கினா.

ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியும் இருந்தது. அவ்வளவு கீரையையும் விழுங்கியும் ஏறவில்லையென்றால் எனக்கு வேறு ஏதோ பெரிய வருத்தம் என்று முடிவு கட்டினேன். நிலானி வளர்ந்து யாரை அம்மா என்று கூப்பிடுவாள் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

டொக்டர் அவசரப்படவில்லை. “கீரையை எப்பிடிச் சமைக்கிறியள், ஒருக்காச் சொல்லுங்கோ.”

“நல்லா அவிச்சு, பிழிஞ்சு…”

“பிழிஞ்ச தண்ணி?”

“வாழைக்கு ஊத்திறனான்.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். “வாழை எப்பிடி நிக்குது?”

“குலை தள்ளிப்போட்டுது” என்றார் கணவர்.

“தள்ளுந்தானே! சத்து முழுக்க வாழைக்கு, சக்கை உங்களுக்கு. அடுத்த முறை வாழையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, இரத்தம் எடுத்துப் பாப்பம்.”

நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தேன். டொக்டர் என் கையைத் தட்டினார். இந்தச் சத்து நெடுநேரக் கொதியில் அழியும், தண்ணீரோடும் போய்விடும் என்று விளக்கினார். இலையை நன்றாகக் கழுவி, அடுப்பில் ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கினால் போதும். வல்லாரையைக் கொதித்தாறிய உப்புத் தண்ணீரில் அலசிப் பச்சையாகவே சம்பல் போடலாம். ஒவ்வொரு நாளும் ஒரு பழம் வேண்டும். “உங்களுக்கு வேறை வருத்தம் ஒண்டும் இல்லை. பயப்பிடாதேங்கோ.” அந்தக் கடைசி இரண்டு வரியை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிழியாத கீரை என் தொண்டையில் நின்றது. குமட்டியது. இதற்கு வழி கண்டவ அம்மா. பால் சுரக்கவென்று எங்கள் பக்கத்தில் சுறா வறை (சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுப்பது) கொடுப்பார்கள். அம்மா முருங்கையிலையை எடுத்து, அதே வெங்காயம், அதே கடுகு, அதே தேங்காய்ப்பூ போட்டு, அதே கையால் பிரட்டினா. என் நாக்குக்காக மிளகாயை மட்டும் விட்டுவிட்டா.

“கண்ணை மூடிக்கொண்டு தின். சுறா எண்டு நினை.”

“சுறாவுக்கு ஈர்க்கு இல்லையே அம்மா.”

“இது படிச்ச சுறா. தின்னடி.”

தின்றேன். முதல் நாள் மூன்று வாய். அடுத்த நாள் கொஞ்சம் கூட. வல்லாரையின் கசப்பு பழகச் சில கிழமைகள் சென்றன. புடலங்காய் இன்றைக்கும் பிடிக்காது. நீங்களும் எல்லாவற்றையும் விரும்பவேண்டும் என்றில்லை. இரண்டு இலை, ஒரு பழம், அதில் தொடங்கலாம்.

பழத்தில்தான் நான் மறுபடி தடுமாறினேன். தோடம்பழம் (ஆரஞ்சு) சாப்பிடத் தொடங்கிய கிழமையே நிலானிக்குச் சளி பிடித்தது. அவள் மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதாள். அம்மா பழங்களை என் பக்கத்திலிருந்து எடுத்து மூலையில் வைத்தா. பழத்தை நிறுத்தினேன். நிறுத்தினால் பால் குறையுமோ என்று பயந்தேன். மறுபடி சாப்பிட்டேன். ஒரு சுளை தின்றுவிட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மழையோடு மழையாகப் பிள்ளையையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினோம். அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை. வெளியே நடைபாதையைக் காட்டினார். அங்கே தாய்மாரின் மடியெல்லாம் இருமல்.

“மாரியிலை சளி பிடிக்காத பிள்ளை எது? உந்தத் தாய்மார் எல்லாரும் தோடம்பழமே சாப்பிட்டவை? உவைக்குக் காணக் கிடைச்சாலே பெரிய காரியம்.”

அம்மாவும் கூட வந்திருந்தா. திரும்பும் வழியில் சந்தையில் நின்று, தானே பப்பாப்பழம் ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்கினா. “இது சூடு. இதுக்குச் சளி வராது” என்றா. அம்மா அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த பரிசோதனையில் இரத்தம் ஏறியிருந்தது. அதற்கு அடுத்ததிலும் ஏறியது. டொக்டர் சீட்டை என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். வாட்டுக்குப் போகவேண்டிய தேவை வரவில்லை. நிலானி நெஞ்சு நிறையக் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழியத் தூங்கினாள். அந்த டொக்டருக்கும், கேலி செய்துகொண்டே வறை பிரட்டிய அம்மாவுக்கும், எரிபொருள் இல்லாத காலத்தில் என்னைச் சைக்கிளில் உழக்கிக் கொண்டுபோன கணவருக்கும், வாங்க யாருமே இல்லாத கீரையை நட்டவர்களுக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்? செபத்தில் சொல்கிறேன்.

தேறியதை நான் ஒரே நாளில் அறியவில்லை. கிணற்றில் பத்து வாளி அள்ளி முடித்த பிறகுதான், இடையில் உட்காரவில்லை என்பது தெரிந்தது. நோயில் ஒரு நாள் எவ்வளவு நீளமாக இருந்தது! வாசற்படியிலிருந்து முற்றத்துக்கு இறங்குவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். பிறகு என் நாட்களின் கணக்கை முருங்கை வைத்துக்கொண்டது. கிழமை தொடக்கத்தில் ஒடித்த கொப்பு ஞாயிறு பூசைக்குள் துளிர் காட்டும். என் இரத்தமும் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் துளிர்க்கிறது என்று நம்பப் பழகினேன்.

தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளியன்று அம்மா சோறும் கீரையும் பயற்றங்காயும் போட்டு வைத்தா. கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நேற்றுச் சாப்பிட்டதும் இதுதான். முந்தநாளும் இதுதான். இதில் ஒறுத்தல் (நோன்புக்காக விரும்பியதை விட்டிருத்தல்) எங்கே இருக்கிறது?

“என்னடி யோசிக்கிறாய்?”

“நான் இண்டைக்கு எதையம்மா ஒறுக்கிறது?”

“பால் குடுக்கிறவளுக்கு ஒறுத்தல் இல்லையெண்டு பங்குச் சுவாமியே சொன்னவர். சாப்பிடு.”

சாப்பிட்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கிணற்றடி வாழையின் குலை அந்தக் கிழமைதான் பழுத்து, பத்தியின் வளையில் (கூரை மரத்தில்) தொங்கியது. என் கீரைத் தண்ணீரைக் குடித்து விளைந்த குலை. வீட்டுக்கார அக்கா பாதியை எங்களுக்கென்று தந்திருந்தா. அதன் மணம் அறை முழுக்க நின்றது. பிள்ளையைத் தாலாட்டும்போதும், பிற்பகல் கோயிலுக்குப் புறப்படும்போதும், திரும்பி வந்தபோதும் அதன் கீழே நின்று பார்த்தேன். வாயூறியது. எரிந்து கிடந்த அதே நாக்கு.

அன்று நான் ஒறுத்தது ஒரு வாழைப்பழம். உயிர்த்த ஞாயிறு விடியும்வரை பொறுத்திருந்தேன்.